பழைய கலப்பை, உங்கள் மண்: வாசகர் கேள்வி–பதில்

கொட்டகையில் கிடக்கும் பழைய டிராக்டர் கலப்பைகள் எந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து ஏழு இங்கே. எழுதியவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது மாஸ்ஸி பெர்குசன் 1035 அல்லது அதே அளவுள்ள 35 குதிரைத்திறன் வண்டி. பதில்களில் வரும் கணக்குகளும் அந்த அளவுக்கே.

கேள்வி: அப்பா காலத்து இரண்டு கொழு இறக்கைக் கலப்பை இருக்கிறது. எங்கள் கரிசலில் இறக்கினால் பத்தடி போவதற்குள் மண் பலகையில் அப்பிக்கொள்கிறது. சால் புரளாமல் மண் முன்னாலேயே குவிகிறது. கலப்பையை எடைக்குப் போட்டுவிடலாமா?
வாசகர், விளாத்திகுளம்

எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். இறக்கைக் கலப்பையில் கொழு (மண்ணை வெட்டும் கூர்முனை) பெயர்க்கும் மண், அதன் பின்னுள்ள வளைந்த பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு ஏறிப் புரள வேண்டும். மண்ணுக்கும் இரும்புக்கும் உள்ள ஒட்டு, மண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிப்பைவிட அதிகமானால் வழுக்காது. ஈரக் கரிசலில் நடப்பது இதுதான். ஆனால் ஒட்டு கூடுவதற்குக் கரிசல் மட்டும் காரணமில்லை. பலகையும் காரணம், நீங்கள் உழும் நாளும் காரணம்.

முதலில் பலகை. பல வருடம் சும்மா கிடந்த கலப்பையில் துரு இருக்கும், அல்லது யாரோ அழகுக்காகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். இரண்டிலும் மண் பிடிக்கும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுங்கள். பிறகு 80 நம்பர், அதன்பின் 120 நம்பர் உப்புத்தாள் வட்டு. தேய்ப்பது மண் ஓடும் திசையிலேயே, அதாவது கொழு நுனியிலிருந்து இறக்கையின் வால் நோக்கி இருக்கட்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கோடும் மண்ணைப் பிடிக்கும். கல் வட்டு மட்டும் போடாதீர்கள். பழைய நல்ல பலகைகள் மூன்று அடுக்கு எஃகால் ஆனவை: மேலும் கீழும் கடினமான எஃகு, உடையாமல் இருக்க நடுவில் மென்மையான இரும்பு. மேல் அடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டால் அந்தப் பலகையில் மறுபடி பளபளப்பு வராது.

அடுத்து போல்ட். பலகையையும் கொழுவையும் பிடிக்கும் போல்ட் தலைகள் குழிக்குள் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும் அப்பல் அங்கேதான் தொடங்கும். கொழுவும் பலகையும் சேரும் இடத்தில் பலகை ஒரு துளிகூட உயர்ந்து நிற்கக் கூடாது. கொழு அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் பரவாயில்லை.

இவ்வளவும் செய்தபின் நேராகக் கரிசலில் இறக்காமல், பக்கத்தில் செம்மண்ணோ மணல் கலந்த நிலமோ இருந்தால் அங்கே அரை ஏக்கர் உழுங்கள். மணல் தேய்த்துத் தரும் மெருகை எந்த வட்டும் தராது. வேலை முடிந்த அன்றே மண்ணைத் துடைத்துப் பழைய இன்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவிவிடுங்கள். ஒரு மழை நனைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இனி பதம். உழும் ஆழத்திலிருந்து, அதாவது ஒரு சாண் கீழிருந்து, ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சிலைவிட மெல்லிய திரியாக உடையாமல் நீண்டால் இன்னும் ஈரம் அதிகம். திரியாக உருட்டும்போதே விண்டு விண்டு போனால் உழலாம். கரிசலில் இந்தப் பதம் மழைக்குப் பிறகு சில நாட்களுக்குத்தான் கிடைக்கும். தவறவிட்டால் மண் இறுகிப் பாளமாகிவிடும், கொழு இறங்கவே இறங்காது. வேகமும் கவனிக்க வேண்டியது. மணிக்கு 2 கிலோமீட்டரில் ஊர்ந்தால் நல்ல பலகையிலும் மண் நிற்கும். 4 முதல் 5 வரை ஓட்டுங்கள்.

அப்படியும் அப்பினால் கடைசி வழி, பட்டைப் பலகை. முழுப் பலகையைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே துளைகளில் பொருந்தும்படி 50 மி.மீ. அகலமுள்ள நான்கு லாரி ஸ்பிரிங் பட்டைகளை அதே வளைவில் பட்டறையில் வளைத்து, நடுவில் 30 முதல் 40 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்தலாம். வளைத்தபின் மறுபடி சூடேற்றி எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்தச் சொல்லுங்கள். தொடும் பரப்பு குறைவதால் மண்ணின் அழுத்தம் பட்டைகளின் மேல் கூடி, ஒட்டிய மண்ணை அடுத்து வரும் மண் தள்ளிவிடும். ஒட்டும் களிமண்ணுக்கென்றே வந்த பழைய வடிவம் இது.

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலை உழ இந்தக் கலப்பை வேண்டாம். அதற்கு, உருளும் வட்டத் தகடுகள் கொண்ட சட்டிக் கலப்பைதான். பெரிய பெரிய பாளமாகத்தான் பெயர்க்கும். அதைப் பார்த்துப் பயந்து உடனே ரொட்டவேட்டர் விடுகிறவர்கள் டீசலை வீணாக்குகிறார்கள். வெயிலிலும் முதல் மழையிலும் கரிசல் பாளம் தானாகவே பொலபொலவென்று உதிரும்.

கேள்வி: நெல் வயலில் அடிமண் இறுகிவிட்டது. அடிமண்ணை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை வாடகைக்குக் கிடைக்கிறது. ஓட்டலாமா?
வாசகர், மன்னார்குடி

தொடர்ந்து நெல்தான் என்றால் ஓட்ட வேண்டாம். சேற்றுழவில் உண்டாகும் அந்த இறுகிய அடுக்குதான் வயலில் தண்ணீரை நிறுத்துகிறது. வண்டியின் சக்கரம் புதையாமல் தாங்குவதும் அதுவே. அதை உடைத்தால் தண்ணீர்ச் செலவு கூடும், அடுத்த சேற்றுழவில் கேஜ் வீல் (சேற்றுக்கான கூண்டு போன்ற இரும்புச் சக்கரம்) போட்ட வண்டியும் இறங்கிவிடும். நெல்லை விட்டுக் கரும்புக்கோ பருத்திக்கோ மாறப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது அறுவடை முடிந்து மண் நன்றாகக் காய்ந்தபின் ஓட்டுங்கள். விவரம் கீழே பல்லடம் வாசகருக்கான பதிலில்.

கேள்வி: சரளைக் கல் நிறைந்த செம்மண். மூன்று சட்டிக் கலப்பை பழையது வாங்கினோம். மேலேயே உருண்டு போகிறது, நான்கு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. இறக்கைக் கலப்பைக்கு மாறலாமா?
வாசகர், பென்னாகரம்

கல் நிலத்தில் இறக்கைக் கலப்பை வேண்டவே வேண்டாம். கொழு நுனி கல்லில் மாட்டினால் ஒடிவது கொழுவாகவோ சட்டத்தின் போல்ட்டாகவோ இருக்கும். சட்டி கல்லின் மேல் ஏறி உருண்டு இறங்கிவிடும். சரியான கலப்பையைத்தான் வாங்கியிருக்கிறீர்கள், அமைப்புதான் சரியில்லை.

இறக்கைக் கலப்பையின் கொழு தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். சட்டிக்கு அந்த உறிஞ்சல் கிடையாது, எடையாலும் கோணத்தாலும்தான் இறங்கும். ஆகவே நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, சட்டி பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். நேர்க்குத்து நிலையிலிருந்து 15 முதல் 25 டிகிரி வரை வைக்கலாம். இறங்காத கட்டாந்தரைக்கு 15 பக்கமாக நிமிர்த்துங்கள். சட்டியைத் தாங்கும் கையில் இதற்கென்று இரண்டு மூன்று துளைகள் இருக்கும். பழைய கலப்பையில் துருவேறி யாரும் தொடாமலே விட்டிருப்பார்கள். டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டுக் கழற்றுங்கள். இரண்டு, ஓடும் திசைக்குச் சட்டி திரும்பியிருக்கும் கோணம். 42 முதல் 45 டிகிரி வழக்கம். குறைந்திருந்தால் மண்ணை வெட்டாமல் உருளும்.

மூன்று, விளிம்பு. மழுங்கிய சட்டி எவ்வளவு எடை வைத்தாலும் இறங்காது. ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்வு இருக்கிறதோ அந்தப் பக்கமே தீட்டுங்கள். கேஸ் கட்டரை அருகில் கொண்டு போகாதீர்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், அடுத்த கல்லிலேயே மடங்கும். புதிதாக 66 செ.மீ. இருந்த சட்டி 55 செ.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுவதுதான் கணக்கு. நான்கு, எடை. சட்டத்தின் நடுவில் 80 முதல் 100 கிலோ வரை கான்கிரீட் கட்டையோ மணல் மூட்டையோ இறுக்கிக் கட்டலாம். ஆளை ஏற்றி உட்கார வைக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. கல்லில் கலப்பை துள்ளும்போது அவர் விழுவது சட்டியின் மேல்தான்.

பேரிங்கையும் பாருங்கள். சட்டியின் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் தடதடவென்று ஆடக் கூடாது. ஆடினால் கோணம் எதுவும் நிற்காது. ஓட்டும் நாளெல்லாம் காலையில் கிரீஸ் அடியுங்கள். பின்னாலுள்ள சிறு சக்கரம் சால் சுவரில் உராய்ந்து ஓட வேண்டும். அது தளர்ந்திருந்தால் கலப்பை பக்கவாட்டில் இழுக்கும், ஸ்டியரிங்கோடு நீங்கள் மல்லுக்கட்டுவீர்கள்.

இரண்டாம் உழவுக்கு ஸ்பிரிங் வைத்த ஒன்பது கொத்துக் கலப்பை உங்கள் நிலத்துக்கு ஏற்றது. தடை வந்தால் கொத்து பின்வாங்கித் தாண்டி மறுபடி இறங்கும் இந்த யோசனை பழையது. தெற்கு ஆஸ்திரேலியாவில் மாலி (mallee) எனப்படும் யூகலிப்டஸ் மரங்களின் வேர்க்கட்டைகள் நிறைந்த நிலத்துக்காக 1876-ல் ரிச்சர்ட் பவுயர் ஸ்மித் என்பவர் செய்த கலப்பை, கட்டை தட்டினால் தானாகத் தூக்கித் தாண்டும்.

கேள்வி: ஒரே வயலில் பாதி செம்மண், பாதி கரிசல். இறக்கைக் கலப்பை செம்மண்ணில் ஆழமாகவும் கரிசலில் மேலோட்டமாகவும் போகிறது. ஹைட்ராலிக் கோளாறா?
வாசகர், அருப்புக்கோட்டை

கோளாறு இல்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது. ஹாரி பெர்குசன் வடிவமைத்த ஏற்பாடு இது. இழுவை கூடும்போது டாப் லிங்க் (கலப்பையை வண்டியோடு மேலே இணைக்கும் தண்டு) வண்டியை நோக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். இன்ஜின் திணறாமல், சக்கரம் வழுக்காமல் காப்பது இதுதான். ஆனால் அதற்குத் தெரிவது இழுவை, ஆழம் அல்ல. கரிசலில் இழுவை அதிகம், அதனால் தூக்குகிறது.

ஆழச் சக்கரம் பொருத்தினால் செம்மண்ணில் அளவுக்கு மீறி இறங்குவது நிற்கும். அதைவிட நல்லது, இரண்டு மண்ணும் சேரும் கோட்டை எல்லையாக வைத்துத் தனித்தனித் துண்டாக உழுவது. செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் பதம் ஒரே நாளில் வராது என்பதால் எப்படியும் இரண்டு முறை போகத்தான் வேண்டும்.

கேள்வி: தேரி மணலில் கொழு மிக வேகமாகத் தேய்கிறது. பட்டறையில் அடித்து நீட்டக் கொடுத்தால் ஒரு கொழு உடைந்தே போனது. மற்றொன்று நன்றாக வந்தது. ஏன் இந்த வித்தியாசம்?
வாசகர், சாத்தான்குளம்

உடைந்தது வார்ப்பிரும்பு, நீண்டது எஃகு. பழைய கலப்பைகளில் இரண்டு வகையும் வந்தன, மண்ணைப் பொறுத்து.

இங்கிலாந்தில் ராபர்ட் ரான்சம் 1803-ல் காப்புரிமை பெற்ற வார்ப்புக் கொழுவில் அடிப்பக்கம் வேகமாகக் குளிர்ந்து கடினமாகவும், மேல்பக்கம் மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவும் இருக்கும். மேல்பக்கம் முந்தித் தேய்வதால் விளிம்பு எப்போதும் கூராகவே நிற்கும். அமெரிக்காவில் சவுத் பெண்ட் நகரில் ஜேம்ஸ் ஆலிவரும் இதேபோல் குளிர்வித்துக் கடினப்படுத்திய வார்ப்பிலேயே கலப்பைகள் செய்தார். மணலும் சரளையும் அராவும் நிலத்துக்கு அது தாங்கும். ஆனால் இல்லினாய் சமவெளியின் ஒட்டும் கறுப்பு மண்ணில் வார்ப்பிரும்புப் பலகையில் மண் அப்பிக்கொண்டது. 1837-ல் ஜான் டீர் ஒரு ரம்பத் தகட்டின் மெருகேறிய எஃகை வளைத்துக் கலப்பை செய்தது அந்தச் சிக்கலுக்குத்தான். அராவும் மண்ணுக்குக் கடினம், ஒட்டும் மண்ணுக்கு மெருகு என்று பிரித்துப் பார்த்தால் பழைய கலப்பைகளில் பாதி வடிவங்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

பட்டறைக்குக் கொடுக்கும் முன் கிரைண்டரில் ஓர் ஓரத்தை லேசாகத் தொடுங்கள். வார்ப்பிரும்பில் மங்கிய சிவப்புப் பொறி கொஞ்ச தூரத்திலேயே அவியும். எஃகில் பொறி நீளமாக, மஞ்சளும் வெள்ளையுமாகப் பூப்பூவாக வெடிக்கும். வார்ப்பை அடிக்க முடியாது, தேய்ந்தால் புதுசுதான்.

எஃகுக் கொழுவுக்கு ஆயுளைக் கூட்ட, அடிப்பக்க விளிம்பில் 20 முதல் 25 மி.மீ. அகலத்துக்கு 2, 3 மி.மீ. கனத்தில் தேய்மானம் தாங்கும் ராடு போட்டு வெல்டிங் செய்யலாம். அடியில் மட்டும்; மேலும் கீழும் போட்டால் விளிம்பு மழுங்கிவிடும். கொழு எஃகில் கரி அதிகம், பச்சையாக வெல்டிங் வைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். முதலில் 200 டிகிரி வாக்கில் சூடேற்றி, முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடச் சொல்லுங்கள். தண்ணீரில் முக்குகிற பட்டறையாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

மாட்டும்போது இன்னொன்றும் பாருங்கள். கொழு நுனியிலிருந்து, சால் சுவரை ஒட்டி ஓடும் பக்கத் தகட்டின் குதிங்கால் (பின்முனை) வரை அடியில் ஒரு நேர்ச்சட்டம் வைத்தால் நடுவில் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். பக்கவாட்டில் 5 மி.மீ. வாக்கில். இந்த இடைவெளிதான் கலப்பையை உள்ளே இழுக்கிறது. நுனி தேய்ந்து இது போய்விட்டால் டாப் லிங்கை எவ்வளவு குறைத்தாலும் முன் கொழு குத்தும், பின் கொழு மிதக்கும்.

கேள்வி: பல வருடமாக ஒன்பது கொத்தும் ரொட்டவேட்டரும்தான். செம்மண். இப்போது நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் நிற்கிறது, நிலக்கடலை வாடுகிறது. பழைய உளிக்கலப்பை ஒன்று இருக்கிறது, எப்படிப் பயன்படுத்துவது?
வாசகர், பல்லடம்

மழை பெய்த மறுநாள் 10 மி.மீ. கம்பி ஒன்றை நிலத்தில் குத்திப் பாருங்கள். ஐந்தாறு அங்குலத்தில் சட்டென்று நின்று, பலமாக அழுத்தினால் மறுபடி எளிதாகப் போகிறதென்றால் அங்கே இறுகிய தட்டு இருக்கிறது. வயலில் பத்து இடமாவது குத்துங்கள். ஒரே ஆழத்தில் நின்றால் அது உழவால் வந்தது. ஆழம் மாறி மாறி நின்றால் கல்லாக இருக்கலாம்.

உளிக்கலப்பை மண்ணைப் புரட்டாது, விரிசல் விடவைக்கும். அதனால் மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் உளி போன தடத்தில் வழவழப்பான குழாய் ஒன்றுதான் மிஞ்சும், இரு பக்கமும் இன்னும் இறுகும். கோடையில், அறுவடை முடிந்த வறட்சியில் ஓட்டுங்கள். 35 குதிரைத்திறனுக்கு ஒற்றை உளி போதும், இரண்டு உளி இழுக்காது. 50 செ.மீ. இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்தில் நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. முதல் ஓட்டத்தில் 40 இறங்காவிட்டால் மல்லுக்கட்டாமல் 25-ல் ஓட்டிவிட்டு அதே தடத்தில் மறுபடி இறக்குங்கள். உளி முனை தட்டுக்குக் கீழே நான்கு விரற்கடை போனால் போதும். அதற்குமேல் ஆழம் டீசலுக்குக் கேடு.

ஷியர் போல்ட் (தடை வந்தால் முதலில் ஒடியவென்றே வைத்த போல்ட்) ஒடிந்தால் அதே அளவு, அதே தரத்தில் சாதாரண போல்ட் போடுங்கள். கடினமான போல்ட் போட்டால் அடுத்து ஒடிவது தண்டு. உழவோடு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் சேர்த்தால் விரிசல் சீக்கிரம் மூடாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். இடையில் ரொட்டவேட்டரை ஈரத்தில் விடுவதைக் குறைக்காவிட்டால் தட்டு திரும்ப வந்துவிடும்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் மூன்று கொழு இறக்கைக் கலப்பை மலிவாக வருகிறது. மாஸ்ஸி 1035 இழுக்குமா?
வாசகர், திருவண்ணாமலை

மண்ணைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது, கணக்கை நீங்களே போடலாம். ஒரு கொழு 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் என்றால் வெட்டும் பரப்பு 600 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு இழுவை மணல் மண்ணில் 0.2 கிலோ, செம்மண்ணில் 0.3 முதல் 0.4, களிமண்ணில் 0.5 முதல் 0.7, காய்ந்த கரிசலில் 1 கிலோவுக்கும் மேல். செம்மண்ணில் மூன்று கொழுவுக்கு 540 முதல் 720 கிலோ, களிமண்ணில் 900-ஐத் தாண்டும். 1,700 கிலோ எடையுள்ள வண்டி உழவு நிலத்தில் தன் எடையில் பாதி, அதாவது 850 கிலோ வரை இழுக்கும். உங்கள் பக்கத்துச் செம்மண் என்றால் இழுக்கும், ஆனால் முழு மூச்சில். ஏரிப் பாசன வயலின் களிமண்ணும் இருந்தால் வாங்கிவிட்டு ஒரு கொழுவைக் கழற்றிவிடுங்கள். சட்டத்தில் அதற்கு வசதி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

அங்கேயே சட்டத்தின் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்ப்பது நல்லது. வளைந்திருந்தால் மூன்று கொழுவும் மூன்று ஆழத்தில் போகும், நிமிர்த்தும் செலவில் இரண்டு கொழுக் கலப்பை நல்லதாகவே வாங்கலாம்.

வாங்கி மாட்டியபின் பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் பத்துச் சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து, பிறகு உழுதுகொண்டு அதே பத்துச் சுற்றை அளங்கள். முதலில் 40 மீட்டர் வந்து உழவில் 35 வந்தால் வழுக்கல் 12 சதவீதம் சொச்சம், சரிதான். 32-க்குக் கீழே போனால் டயர் தேய்கிறது, டீசல் வீணாகிறது. பின் டயர் ஒவ்வொன்றிலும் முக்கால் பாகம், ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர் நிரப்பி மறுபடி அளந்து பாருங்கள். அதன்பிறகும் குறையாவிட்டால் ஆழத்தை 15 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள், அல்லது மூன்றாவது கொழுவைக் கழற்றுங்கள்.